ஒரு சின்ன வெட்டு!

"மச்சி, ப்ராசஸர்தான் முக்கியம். மதர்போர்டு எதுவா இருந்தா என்ன?" - இப்படிச் சொன்ன புண்ணியவான் வேற யாருமில்லை... நானேதான்!

2023-ல் அம்மா சீட்டு எடுத்துத் தந்த பணம். இன்டெல் ஐ5 12400 ப்ராசஸர் வாங்கியாச்சு. சீனியர் அண்ணன் ஒருத்தர் தன் பழைய 16 ஜிபி டிடிஆர்4 ராமைச் சும்மாவே தந்துட்டார். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு பி660 போர்டு பளபளன்னு கண்ணைப் பறிச்சது. எல்ஜிஏ 1700 சாக்கெட், நம்ம ப்ராசஸருக்குப் பொருந்தும். போதாதா?

போதலை! ஹாஸ்டல் ரூமில் ராமை வெச்சு அழுத்துறேன், இறங்கவே மாட்டேங்குது. பெட்டியைத் திருப்பிப் பார்த்தா... டிடிஆர்5 போர்டு! பி660-ல் ரெண்டு வகையும் உண்டாம். (டிடிஆர்4 வகைன்னா பல போர்டுகளின் பேரிலேயே 'டி4'னு போட்டிருக்கும். யார் படிச்சா?) ரெண்டு ராமுக்கும் 288 பின்தான். ஆனா, நடுவில் இருக்கிற வெட்டு கொஞ்சம் தள்ளியிருக்கும். இன்னும் பலம் காட்டியிருந்தா ஸ்லாட்டே உடைஞ்சிருக்கும்.

"பிரிச்ச பெட்டியைத் திருப்பி எடுக்க மாட்டோம் தம்பி"னு கடையில் கைவிரிச்சுட்டாங்க. மெஸ் பில்லுக்கு வெச்சிருந்த காசு புது ராமாச்சு.

"நான் குடுத்த ராம் எப்படிடா ஓடுது?"னு சீனியர் கேட்டார்.

"சூப்பர்ண்ணா!"

அது இன்னும் என் டிரங்குப் பெட்டியில்தான் இருக்கு.