படிக்காவிட்டால் பட்டறைக்குத்தான்!



நீண்ட நாள்களாக மனத்தை உறுத்திக்கொண்டிருந்த ஒன்றை இன்று எழுதிவிடத் துணிந்தேன். பிறர் குறையைச் சுட்டுவதற்காக எழுதப்படுவதன்று இது. என் சொந்தப் பிழையைப் பற்றியது.

நான் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளியில் படித்தவள். என் தாயார் பால்மரம் வெட்டியவர். எங்கள் ஆசிரியர் ஒருவர் நல்லவர். எங்கள் முன்னேற்றத்தில் உண்மையான அக்கறை கொண்டவர். ஆனால், வீட்டுப்பாடம் செய்யாதவரைக் கண்டால், “படிக்கலேன்னா பால்மரம் வெட்டத்தான் போகணும்” என்பார். வகுப்பே சிரிக்கும். நான் தலையைக் குனிந்துகொள்வேன். விடியற்காலையில் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு புறப்படும் அம்மாவின் முகம் அப்போது கண்முன் வரும்.

பின்னர் ஆசிரியர் பயிற்சி முடித்து நானும் ஆசிரியையானேன். தோட்டங்கள் துண்டாடப்பட்டன, மக்கள் பட்டணம் நோக்கிப் பெயர்ந்தனர். பால்மரம் என்றால் என் மாணவர்களுக்குப் பாடநூல் படம் மட்டுமே. ஆகவே, அந்த வாக்கியத்தை நான் காலத்திற்கேற்ப மாற்றிக்கொண்டேன். “படிக்காவிட்டால் பட்டறையில் இரும்பு ஒட்டத்தான் போக வேண்டும்” என்பது என் வாய்ப்பாடாயிற்று. எத்தனை முறை சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. ஒருவனுக்கு நினைவிருந்தது.

தாயின் வேண்டுகோள்

2024-ஆம் ஆண்டில் ஒரு மாலை, முன்னாள் மாணவன் ஒருவனின் தாயார் என் வீட்டிற்கு வந்திருந்தார். அவன் 2015-இல் என்னிடம் ஆறாம் ஆண்டு கணிதம் பயின்றவன். இன்று அகற்றப்பட்டுவிட்ட யு.பி.எஸ்.ஆர். தேர்வில் மலாய்மொழித் தாள்களில் போதிய தேர்ச்சி பெறாததால் புகுமுக வகுப்பில் ஓராண்டு இருந்துவிட்டு இடைநிலைப்பள்ளிக்குப் போனான். கொரோனா காலத்தில் வகுப்புகள் தடைபட்டன. 2021-ஆம் ஆண்டுக்குரிய எஸ்.பி.எம். தேர்வை 2022 மார்ச்சில்தான் எழுதினான். அதன்பின் அருகிலுள்ள சமூகக் கல்லூரியில் உலோகப் பற்றவைப்பு, அதாவது வெல்டிங், கற்கச் சேர்ந்தான்.

“அடிப்படைப் படிப்ப முடிச்சிட்டான் டீச்சர். இப்ப மேற்கொண்டு குழாய் வெல்டிங்காம், அதையும் படிக்கணும்னு நிக்கிறான். எங்க சொந்தக்காரர் கடையில குளுகுளுன்னு ஏர்கோன்ல உக்காந்து செய்யிற வேலை இருக்கு. வேண்டாங்குறான். நீங்க சொன்னா கேப்பான். நீங்கதான் எடுத்துச் சொல்லணும்” என்றார்.

அவருடைய கவலைக்குக் காரணம் இருந்தது. கணவர் இருபத்தைந்து ஆண்டுகளாகக் கேட், கிரில் செய்யும் சிறு பட்டறையில் வேலை செய்பவர். சான்றிதழ் ஏதுமில்லை. இளமையில் முகக்கவசம் இன்றி, கறுப்புக் கண்ணாடி மட்டும் அணிந்து வேலை செய்தவர். பகலில் ஒன்றும் தெரியாதாம். நள்ளிரவில் கண்ணில் மணலை அள்ளிக் கொட்டியதுபோல் எரியுமாம். உருளைக்கிழங்கைச் சீவிக் கண்ணில் வைத்துக்கொண்டு விடியும்வரை புரள்வாராம். “அவரு பட்டது போதாதா டீச்சர்?” என்று அந்த அம்மையார் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

“முதல்ல அவன் என்ன படிக்கிறான்னு நான் பார்க்கணும்மா. பார்த்துட்டுச் சொல்றேன்” என்றேன். உண்மையில், அவனைத் திருத்திவிடலாம் என்ற எண்ணத்தோடுதான் புறப்பட்டேன்.

பயிற்சிக்கூடத்தில்

பயிற்றுநரிடம் முன்கூட்டியே அனுமதி பெற்றுச் சென்றேன். பாதுகாப்புக் கண்ணாடியைக் கொடுத்து, எரியும் சுடரை நேராகப் பார்க்கக்கூடாது என்று எச்சரித்தார்கள். வரிசையாகத் தடுப்பறைகள், ஒவ்வொன்றுக்கும் அடர்நிறத் திரை, மேலே புகையை உறிஞ்சி வெளியேற்றும் குழாய். தோல் மேலங்கி, தோல் கையுறை, முகக்கவசம் அணிந்து ஒருவன் வெளியே வந்தான். கவசத்தை உயர்த்திய பிறகுதான் என் மாணவன் என்று அடையாளம் தெரிந்தது.

இரண்டு குழாய்த் துண்டுகளை ஒன்றாக இணைப்பதுதான் அவனுடைய பாடம். குழாயை 45 பாகை சாய்வில் அசையாமல் பொருத்தியிருந்தார்கள். இந்நிலைக்கு ‘6ஜி’ என்று பெயர். குழாயைத் திருப்பக்கூடாது, வேலை செய்பவன்தான் அதைச் சுற்றி வர வேண்டும். மேலிருந்து கீழ்நோக்கி, பக்கவாட்டில், தலைக்கு மேலே அண்ணாந்து என எல்லா நிலைகளும் ஒரே குழாயில் வந்துவிடுகின்றன. அதனால்தான் இதில் தேறியவனை மற்ற நிலைகளுக்கும் தகுதியானவனாகக் கொள்கிறார்கள்.

“விளிம்ப எவ்ளோ சீவணும் தெரியுமா டீச்சர்? முப்பத்தேழரை பாகை. ரெண்டு குழாயும் சேர்ந்தா எழுபத்தஞ்சு. நடுவுல ஏறக்குறைய மூணு மில்லிமீட்டர் இடைவெளி” என்றான்.

நான் வாயடைத்துப் போனேன். கோணமானியை எந்தப் பக்கம் வைத்துப் படிப்பது என்று பதினோரு வயதில் தடுமாறிய பிள்ளை இவன். இவன் கோணத் தாளில் நான் எத்தனை சிவப்புக் கோடுகள் போட்டிருப்பேன்!

குச்சிகளை வைத்திருந்த சிறு சூட்டடுப்பையும் காட்டினான். பற்றவைப்புக் குச்சியில் ‘இ 7018’ என்று எழுதியிருந்தது. முதலிரண்டு எண்களைச் சேர்த்துப் படித்தால் 70. பற்றவைத்த உலோகம் சதுர அங்குலத்துக்குக் குறைந்தது 70,000 பவுண்டு இழுவிசையைத் தாங்கும் என்பது பொருள். அடுத்த 1, எந்த நிலையிலும் பயன்படுத்தலாம் என்பதைக் காட்டுகிறது. கடைசி எண் மேற்பூச்சின் வகையைக் குறிக்கும். இது ஹைட்ரஜன் குறைந்த வகை. பூச்சில் ஈரம் ஏறினால் ஹைட்ரஜன் உலோகத்துக்குள் புகுந்து, ஆறிய பின்னர் வெடிப்பை உண்டாக்கும். ஆகவே குச்சியைச் சூட்டிலேயே வைத்திருக்கிறார்கள். வாய்ப்பாட்டை ஒப்பிக்கத் திணறியவன் இவற்றைத் தங்குதடையின்றிச் சொல்லிக்கொண்டே போனான்.

அன்று அவனுக்கு ஒரு பயிற்சித் தேர்வு முடிவு காத்திருந்தது. முதல்நாள் பற்றவைத்து முடித்த குழாயிலிருந்து நான்கு பட்டைகளை அறுத்தெடுத்து, நீரியல் அழுத்தியில் வைத்து ‘யூ’ வடிவில் வளைத்தார்கள். வளைவில் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் வாய்பிளந்தால் தோல்வி. மூன்று பட்டைகள் வழவழப்பாக வளைந்தன. நான்காவது, உட்பக்கத்தில் பிளந்துகொண்டது.

எனக்கு நெஞ்சு திக்கென்றது. மலாய்க்காரரான அப்பயிற்றுநர் கோபப்படவில்லை. பட்டையைக் கையில் எடுத்து, சுண்ணக்கட்டியால் பிளவைச் சுற்றி வட்டமிட்டார். குழாயின் வட்டத்தை அவர்கள் கடிகாரமாகக் கொள்கிறார்கள். அடிப்பகுதியை ஒட்டிய ‘ஏழு மணி’ இடத்தில், தீர்ந்த குச்சியை மாற்றிவிட்டு மீண்டும் தொடங்கும்போது, முந்திய உலோகத்தோடு வேர்வரை உருகிச் சேரவில்லை என்று விளக்கினார். பிறகு “லாகி செக்காலி” என்று சொல்லி, புதிய குழாய்த் துண்டு இரண்டை நீட்டினார். இன்னொரு முறை! அவ்வளவுதான். யாரும் சிரிக்கவில்லை.

“கஷ்டமா இருக்காப்பா?” என்று கேட்டேன்.

“இல்ல டீச்சர். எந்த எடத்துல தப்புன்னு தெரிஞ்சிருச்சே” என்றான்.

சிற்றுண்டிச் சாலையில் கேட்டது

தேநீர் அருந்தும்போது அவனே பேச்சைத் தொடங்கினான். “ஒங்களுக்கு ஞாபகம் இருக்கா டீச்சர்? யு.பி.எஸ்.ஆருக்கு முன்னால, படிக்கலேன்னா இரும்பு ஒட்டத்தான் போகணும்னு எங்க வரிசையப் பார்த்துச் சொன்னீங்க.”

எனக்கு நினைவில்லை என்று சொல்ல நா எழவில்லை.

“அன்னிக்கு வீட்டுக்குப் போயி அப்பாகிட்ட கேட்டேன், ‘ஒங்க வேல கேவலமான வேலையாப்பா’ன்னு. அவரு சிரிச்சிட்டு, ‘டீச்சர் சொல்றது சரிதான்டா, நீ நல்லாப் படி’ன்னாரு.”

அவன் குரலில் சிறிதும் கசப்பில்லை. எனக்குத்தான் தேநீர் உள்ளே இறங்கவில்லை. தன் தொழிலை இழித்துரைத்த ஆசிரியையின் பக்கமே நின்று, தன் மகனிடம் என் மதிப்பைக் காப்பாற்றியிருக்கிறார் அந்தத் தகப்பன். அதே வாரம் பெற்றோர் சந்திப்பில் அவர் என்னை வணங்கிவிட்டுப் போயிருக்கவும் கூடும். பால்மரத்தின் பெயரால் தலைகுனிந்து அமர்ந்திருந்த அந்தச் சிறுமி எப்படி இதே கல்லை இன்னொரு பிள்ளையின்மேல் எறிந்தாள்?

நான் சொன்னதும் சொல்லாததும்

மறுநாள் அவர்கள் வீட்டிற்குச் சென்றேன். பையனைத் தடுக்க வேண்டாம் என்று தாயாரிடம் சொன்னேன். ஆயினும், அவருடைய அச்சத்தை வீண் அச்சம் என்று நான் தள்ளிவிடவில்லை. பற்றவைப்புப் புகையையும், அச்சுடர் வெளியிடும் புற ஊதாக் கதிரையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 2017-இல் வகைப்படுத்தியுள்ளது. துருப்பிடிக்காத எஃகைப் பற்றவைக்கும்போது எழும் புகையில் குரோமிய நச்சும் சேர்ந்திருக்கும். இவற்றை மறைத்து ஒரு பிள்ளையை ஊக்கப்படுத்துவது அறமாகாது.

ஆகவே, தொழிற்பயிற்சியை நாடும் பெற்றோர்கள் சிலவற்றைக் கேட்டறிய வேண்டுகிறேன். பயிற்சிக்கூடத்தில் புகையுறிஞ்சி உண்டா, அது இயங்குகிறதா? முகக்கவசமும் சுவாசக்கவசமும் முறையாகத் தரப்படுகின்றனவா? முடிவில் கிடைக்கும் சான்றிதழ் யாருடையது? 2006-ஆம் ஆண்டுத் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்தின்படி மலேசியத் திறன் சான்றிதழுக்கு மூன்று நிலைகள் உள்ளன. அதற்கு மேல் டிப்ளோமாவும் உயர்நிலை டிப்ளோமாவும் உண்டு. பிள்ளை எந்த நிலையில் முடிப்பான், அடுத்த நிலைக்கு வழி உண்டா என்று கேளுங்கள். “வெல்டிங் படிக்கிறான்” என்பதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்றையும் அவனிடமிருந்து கற்றேன். ஏ.எஸ்.எம்.இ. விதிமுறையின்படி, ஒருவர் ஒரு பற்றவைப்பு முறையை ஆறு மாதம் கையாளாமல் இருந்தால், அம்முறைக்கான அவருடைய தகுதி காலாவதியாகிவிடும்; மீண்டும் பற்றவைத்துக் காட்ட வேண்டும். என் ஆசிரியர் சான்றிதழை இதுவரை யாரும் வளைத்துப் பார்த்ததில்லை.

அவனுடைய தந்தையிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தயார் செய்துகொண்டு போயிருந்தேன். அவர் என்னை உட்காரச் சொல்லிவிட்டுத் தாம் நின்றுகொண்டே இருந்தார். நான் தொடங்கியதும், “அதெல்லாம் எதுக்கு டீச்சர்” என்று கையமர்த்தினார். மகன் மேசைமேல் வைத்திருந்த பிளந்த பட்டையை எடுத்து, விளக்கொளியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “வேர் நல்லாத்தான் போட்டிருக்கான். இந்த எடத்துலதான் அவசரப்பட்டுட்டான்” என்றார். பிறகு தயங்கி, “எனக்கு இதெல்லாம் யாரும் சொல்லிக் குடுக்கல டீச்சர்” என்றார். அவ்வளவே பேசினார். தாயார் அடுக்களை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கடை வேலையைப் பற்றி அதன்பின் அவர் பேச்செடுக்கவில்லை.

மூன்றாவது முயற்சியில் நான்கு பட்டைகளும் தேறின. இப்போது அவன் ஜோகூரில் ஒரு குழாய்ப் பணித்தளத்தில் வேலை செய்கிறான். முதல் சம்பளத்தில் தந்தைக்குத் தானாக இருளும் கண்ணாடி பொருத்திய முகக்கவசம் ஒன்றை வாங்கி அனுப்பியிருக்கிறான்.

அந்தப் பிளந்த பட்டையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்குக் கோணம் கற்பிக்கும் நாளில் அதை வகுப்புக்கு எடுத்துச் செல்கிறேன். முப்பத்தேழரை பாகையை வரையச் சொல்கிறேன். “இது எதுக்கு டீச்சர்?” என்று கேட்கிறார்கள். சொல்கிறேன். சென்ற முறை, ஒரு மாணவி கையை உயர்த்தி, “எங்க அப்பாவும் வெல்டிங்தான் டீச்சர்” என்றாள்.

சில வாரங்களுக்கு முன்பு, பக்கத்து வகுப்பிலிருந்து இளம் ஆசிரியர் ஒருவரின் குரல் கேட்டது. “படிக்காவிட்டால் உணவு அனுப்பும் மோட்டார்சைக்கிள்தான் ஓட்ட வேண்டும்!” வகுப்பு சிரித்தது. ஓய்வு நேரத்தில் அவரைத் தனியே அழைத்து இந்தக் கதையைச் சொன்னேன். அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “அந்த வரிசையில் ஒருவனுடைய அப்பா அதைத்தான் செய்கிறார்” என்றார்.