மாடியில் ஒரு பாகாலா

ஜி.டி. நெல்லூர்
ஜூன் கடைசி, ஞாயிறு மத்தியானம்

அன்புள்ள சேது,

நெல்லூர் என்றதும் நீ கடலோர நெல்லூரை நினைத்துக்கொண்டு, மீன் குழம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டு எழுதியிருக்கிறாய். இது கங்காதர நெல்லூர். சித்தூருக்குப் பக்கம். இங்கே கடல் கிடையாது, மீன் எப்போதாவது. ரயிலும் கிடையாது, ரயில் பார்க்க வேண்டுமென்றால் பஸ் பிடித்துச் சித்தூர் போக வேண்டும். ஆனால் என் தங்கை வீட்டு மாடியில் ஒரு ஜங்ஷன் இருக்கிறது. வந்ததிலிருந்து அங்கேதான் கிடக்கிறேன். ஊரைப் பற்றி எழுதச் சொன்னாயே, இந்தக் கடிதத்தில் ஊரைவிட அந்த ஜங்ஷன்தான் அதிகம் இருக்கும். பொறுத்துக்கொள்.

மாப்பிள்ளை ரிட்டயர் ஆனதும் எல்லோரும் திருப்பதிக்கு நடந்து போவார், தோட்டம் வாங்குவார் என்று பேசினோம். அவர் 10 அடிக்கு 4 அடியில் ஒரு பிளைவுட் மேஜை அடித்து, அதன்மேல் மீட்டர் கேஜ் காலத்துப் பாகாலா ஜங்ஷனைக் கட்ட ஆரம்பித்துவிட்டார். பாகாலா உனக்கு நினைவிருக்கும். 1890களின் தொடக்கத்தில் சவுத் இந்தியன் ரயில்வேக்காரன் விழுப்புரத்திலிருந்து காட்பாடி வழியாகத் தர்மாவரம் வரை போட்ட பாதை. பாகாலாவில்தான் திருப்பதிக்குக் கிளை பிரியும். நம் தாத்தா பாட்டி மாயவரத்தில் ஏறி, வண்டி மாறினாலும் கேஜ் மாறாமல் பெருமாளைப் பார்த்துவிட்டு வந்தது இந்த வழியாகத்தான். இப்போது அங்கே அகலப்பாதை, மின்சார எஞ்சின், எல்லா ஊரிலும் இருக்கிற அதே ஸ்டேஷன். மாப்பிள்ளைக்கு வேண்டியது 1972-ஆம் வருஷத்துப் பாகாலா. எட்டு வயதில், அப்பா கையைப் பிடித்துக்கொண்டு அவர் முதன்முதலாக அங்கே இறங்கிய வருஷம் அது.

அளவு 87-க்கு 1. உலகத்தில் ரயில் பொம்மை கட்டுகிறவர்களில் பெரும்பாலோர் வைத்துக்கொள்ளும் அளவு இதுதானாம். இதில் ஒரு சங்கடம். நம் அகலப்பாதை 1,676 மில்லிமீட்டர். 87-ஆல் வகுத்தால் 19 சொச்சம் வரவேண்டும். கடையில் கிடைக்கும் தண்டவாளமோ ஐரோப்பாவின் 1,435-க்காகச் செய்தது, 16.5 மில்லிமீட்டர்தான். அதன்மேல் நம் ஊர் வண்டியை வைத்தால் ஒட்டாமல் நிற்கும். மீட்டர் கேஜுக்கு அந்தக் கவலை இல்லை: 11.5 வர வேண்டும், 12 மில்லிமீட்டர் தண்டவாளம் கிடைக்கிறது. அரை மில்லிமீட்டர் வித்தியாசத்தைச் சொல்லும்போது மாப்பிள்ளை முகத்தில் வருகிற பெருமை இருக்கிறதே, அவர் பெண் மெடிக்கல் சீட் வாங்கியபோதுகூட அதைப் பார்க்கவில்லை.

இந்த 87 ஒரு பீடை. பிடித்தால் விடாது. பஸ்ஸில் போகும்போதுகூட எதைப் பார்த்தாலும் மனசு வகுத்துப் பார்க்கிறது. 20 மீட்டர் பனைமரம் 23 சென்டிமீட்டர். ஒரு கிலோமீட்டர் ரோடு பதினொன்றரை மீட்டர். என் தங்கை 18 மில்லிமீட்டர். கோபம் மட்டும் முழு அளவு. மாப்பிள்ளையின் 10 அடி மேஜை, நிஜத்தில் 265 மீட்டர்தான். எட்டுப் பெட்டி வண்டியை நிறுத்தினாலே மேஜையில் பாதிக்கு மேல் போய்விடும். அதனால் நாலே பெட்டி, பிளாட்பாரம் பாதி, கூட்ஸ் யார்டு கால்வாசி. எதைச் சுருக்குவது, எதை முழுசாக விடுவது என்பதில்தான் முதல் சண்டை வந்தது. தண்ணீர் காட்டும் தூணையும் வேப்பமரத்தடி டீக்கடையையும் சுருக்கக் கூடாது என்று நான் சொன்னேன். அது மட்டும் செல்லுபடியானது.

இப்போது மரத்துக்கு வருகிறேன். கடிதமே மரத்துக்காகத்தான்.

வந்த அன்று மாடி ஏறிப் பார்த்தால், பாகாலாவுக்குப் பின்னால் ஊசியிலை மரங்கள்! முக்கோண முக்கோணமாக, கிறிஸ்துமஸ் கார்டில் வருமே, அதே மரம். நடுவில் சரிந்த கூரை போட்ட ஒரு மலைக்கிராமத்து வீடு வேறு. மாப்பிள்ளை ஆன்லைனில் வாங்கிய பாக்கெட். இந்த வகைப் பொம்மை வீடுகளுக்குப் பேர்போன ஃபாலர் என்ற கம்பெனி, ஜெர்மனியில் பிளாக் ஃபாரஸ்ட் மலைப்பகுதியில் 1946-இல் அண்ணன் தம்பி இரண்டு பேர் ஆரம்பித்தது. அவர்கள் தங்கள் ஜன்னலில் தெரிந்த வீட்டையும் மரத்தையும் செய்தார்கள். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த ஜன்னல் சித்தூர் ஜில்லாவில் எதற்குத் திறக்க வேண்டும்? ஹாம்பர்க்கில் 2001-இல் திறந்த மினியேச்சர் வுண்டர்லாண்டில் 15 கிலோமீட்டருக்கும் மேல் தண்டவாளம் போட்டு ஆல்ப்ஸ் மலையை எழுப்பியிருக்கிறார்கள். அவர்களுக்கு ஆல்ப்ஸ் பக்கத்து வீடு. நமக்கு?

"பாவா, தூரத்துல நின்னு பாத்தா எவனுக்குத் தெரியப்போவுது?" என்றார் மாப்பிள்ளை.

"எனக்குத் தெரியுதே" என்றேன்.

"அப்போ நீங்களே செய்ங்க."

ஆக, நான் மாமரம் செய்ய உட்கார்ந்தேன். இந்த ஜில்லாவில் மாமரத்தை விட்டுவிட்டு ஊர் காட்ட முடியுமா? இப்போது சீசன் வேறு. கூழ் ஃபேக்டரிகளின் வாசலில் டிராக்டர்கள் ராத்திரி பூராவும் வரிசை கட்டி நிற்கின்றன. எல்லாம் தோத்தாபுரி, நாம் கிளிமூக்கு என்போமே அது, இங்கே பெங்களூரா. விலை என்ன கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாமல் டிராக்டரிலேயே படுத்துத் தூங்குகிறார்கள். காயின் வாசனை நெடுஞ்சாலை வரை வருகிறது.

செய்முறையைக் கேள். பழைய மின்சார ஒயரை உரித்தால் உள்ளே மெல்லிய செப்புக் கம்பிகள். நாற்பது இழையைச் சேர்த்து முறுக்கினால் அடிமரம். மேலே போகப்போகப் பாதி பாதியாகப் பிரித்து முறுக்கிக்கொண்டே போனால் கிளை, கிளைக்குள் கிளை. பெவிகாலில் மரத்தூளைக் குழைத்துப் பூசினால் பட்டை. அதன்மேல் தேங்காய் நாரைப் பிரித்துப் பரப்பி, சோபாவிலிருந்து எடுத்த பழைய ஸ்பாஞ்சை மிக்ஸியில் அடித்துச் சாயம் ஏற்றித் தூவ வேண்டும். (அந்த மிக்ஸி ஜாரில் இனிமேல் சட்னி அரைப்பதில்லை என்று என் தங்கை அறிவித்துவிட்டாள். மேலே சொன்ன முழு அளவுக் கோபம்.) மாவிலை 20 சென்டிமீட்டர் என்றால் இங்கே 2 மில்லிமீட்டர் சொச்சம். பொடி நைசாகிவிட்டால் பாசி பிடித்த மாதிரி, கரடாகிவிட்டால் முட்டைக்கோஸ். டீ வடிகட்டியில் ஒன்று, மாவுச் சல்லடையில் ஒன்று என இரண்டு தரமாகச் சலித்துக் கலந்தால்தான் சரி வருகிறது.

ஆனால் முதலில் செய்தது ஒன்றுகூட மாமரமாகத் தெரியவில்லை. சாயங்காலம் தோப்புக்குப் போய் உட்கார்ந்து பார்த்த பிறகு புரிந்தது. மாமரம் பச்சை இல்லை, சேது. உள்ளே கறுப்பு. வெளி விளிம்பில்தான் பச்சை. அதுவும் வெயில் படுகிற பக்கம் மட்டும். ஒரு பொட்டு வானம் இலைவழியே தெரியாது. வேம்பில் தெரியும், புளியில் தெரியும், மாவில் தெரியாது. அறுபது வருஷமாக அதன் நிழலில் உட்கார்ந்துவிட்டு இப்போதுதான் கவனிக்கிறேன். நாருக்கு முதலில் கரி மையைத் தண்ணீரில் கரைத்து ஏற்றிவிட்டு, பச்சையை மேலோடு மட்டும் தூவினேன். மரம் ஆயிற்று. 11.5 சென்டிமீட்டர். காய்க்குக் கடுகு. 15 சென்டிமீட்டர் காய் இந்த அளவில் ஒன்றே முக்கால் மில்லிமீட்டர், கடுகு கனகச்சிதம். பச்சை பெயின்ட்டில் முக்கி ஊசிமுனையில் எடுத்து ஒட்டினேன்.

கடுகைத் தொட்டதும் உங்கள் வீட்டுக் கொலுதான் ஞாபகம் வந்தது. படிக்கட்டுக்குப் பக்கத்தில் பார்க் போட நமக்குத்தான் உரிமை. கடுகும் கேழ்வரகும் முளைக்கப்போட்டுப் புல், கண்ணாடித் துண்டு குளம், மணல் மலை உச்சியில் பழநி ஆண்டவர். குளத்து வாத்து கோபுரத்தைவிடப் பெரிசு. அதைத் தாண்டி சாவி கொடுத்தால் ஓடும் தகர ரயில். யாரும் 87-ஆல் வகுக்கவில்லை, யாருக்கும் உறுத்தவில்லை. அளவு தப்பினாலும் அது நம் ஊர்தான் என்று தெரிந்தது. இங்கே அளவு அரை மில்லிமீட்டர்கூடத் தப்பாமல் ஊசியிலைக் காடு வளர்க்கிறார்கள். மாப்பிள்ளை இந்த வாதத்தை ஒப்புக்கொள்வதில்லை. புனேயில் 1998 ஏப்ரல் 1 அன்று திறந்த ஜோஷி மினியேச்சர் ரயில் மியூசியத்துக்குப் போய் வந்தவர் அவர். விளக்கு, சிக்னல், ரோடு எல்லாம் தானாக இயங்கும் அந்தக் குட்டி நகரத்தைப் பார்த்துத்தான் இந்தப் பித்து பிடித்தது. கொலு வேறு, இது வேறு என்கிறார். நான் இல்லை என்கிறேன். சாப்பாட்டிலும் இது தொடர்கிறது. (சாப்பாடு ராகி சங்கட்டி, நாட்டுக்கோழி. கேழ்வரகை முளைக்கப்போட்டுக் கொலு வைத்தவனுக்கு ராத்திரிதோறும் அதையே சாப்பிடப் போடுகிறார்கள். ருசியில் குறையில்லை. ஆனாலும் ஒரு வேளை வற்றக்குழம்பு கிடைத்தால் தேவலை.)

மலை, ஆறு எல்லாம் சீக்கிரம் முடிந்தது. மாப்பிள்ளை முதலில் தெர்மாகோல் மலைக்கு ஸ்ப்ரே பெயின்ட் அடித்திருக்கிறார். மலை அவர் கண்ணெதிரே கரைந்து குழிவிழுந்ததாம். இப்போது கோழி வலையை வளைத்து, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் முக்கிய காகிதத்தைப் போர்த்தி எழுப்பியிருக்கிறார். இந்தப் பக்கத்துக் கல் கூர்கூரானதில்லை, அடுக்கடுக்காக உரிந்து உருண்டை உருண்டையாக நிற்கும்; மழை வடிந்த இடத்தில் கறுப்புக் கோடு. ஆற்றுக்கு எதுவுமே செய்ய வேண்டியிருக்கவில்லை. வெளிநாட்டில் தண்ணீர் காட்ட எபாக்சி ரெசின் ஊற்றுகிறார்கள். நம் நீவா ஆற்றுக்கு மணல் போதும். ஆனால் நிஜ மணலை அப்படியே கொட்ட முடியாது: ஒரு மில்லிமீட்டர் மணல் இந்த உலகத்தில் ஒன்பது சென்டிமீட்டர் கூழாங்கல். ஏரி வண்டலைக் காயவைத்து, இடித்து, துணியில் சலித்தோம். தண்டவாளத்து ஜல்லிக்குக் கிரஷர் பொடி. கல்குவாரி ஊரில் அதற்கென்ன பஞ்சம்? தண்ணீர் கலந்த பெவிகாலில் ஒரு சொட்டு பாத்திரம் தேய்க்கும் சோப்பு விட்டால் பசை கல்லுக்கு நடுவில் இறங்குகிறது. சோப்பு இல்லாவிட்டால் மேலேயே முத்து முத்தாக நிற்கும்.

எல்லாம் சரி என்று நினைத்திருந்தபோது பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் சொசைட்டி பேப்பர் ஒன்றில் கையெழுத்து வாங்க மாடிக்கு வந்தார். வந்த வேலையை விட்டுவிட்டுக் குனிந்து என் தோப்பையே பார்த்தார். "இது பெங்களூராவா, பங்கனபள்ளியா?" என்றார். நான் கடுகைக் காட்டினேன். தலையாட்டினார். அப்புறம், "எந்தக் காலத்து ஸ்டேஷன் இது?" மாப்பிள்ளை 1972 என்றார். பெரியவர் நிமிர்ந்தார். "அப்போ இவ்ளோ மா ஏது? எங்க பக்கமெல்லாம் வேர்க்கடலையும் கரும்பும்தான். பாகாலா வரைக்கும் வெல்லம் காய்ச்சுற வாசனை வரும். மா எல்லாம் பின்னாடி வந்தது." கையெழுத்தை வாங்கிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

கொலுவுக்கு வருஷம் கிடையாது. ராமருக்குப் பக்கத்தில் காந்தி, காந்திக்குப் பக்கத்தில் கிரிக்கெட் டீம். எல்லோரும் ஒரே படியில். ஆனால் ஒரு ஸ்டேஷனுக்கு வருஷம் குறித்துவிட்டால் அது மரம், செடி, கூரை, சுவர் விளம்பரம் எல்லாவற்றையும் தட்டிக் கேட்கிறது. மாப்பிள்ளை ராத்திரி முழுக்க யோசித்தார். தோப்பை எடுக்கவும் மனசில்லை, 1972-ஐ விடவும் மனசில்லை. கடைசியில் கிணற்றடியில் நாலு மாமரம் மட்டும். மீதி இடத்துக்குக் கரும்பு. பழைய பிரஷ்ஷின் முடி 29 மில்லிமீட்டர் உயரத்தில், நூற்றுக்கணக்கில். நடுவில் ஒரு வெல்லக் கொட்டகை, கொப்பரை, அடுப்பு, குவித்துப் போட்ட சக்கை. இதற்கெல்லாம் பாக்கெட் விற்கிறவன் எவனும் இல்லை, அது ஒரு சந்தோஷம். எடுத்த மரங்களை ஷூ பெட்டியில் வைத்திருக்கிறேன். 1995-ஆம் வருஷத்துக்கு யாராவது ஸ்டேஷன் கட்டினால் கொடுத்துவிடலாம்.

ஸ்டேஷன் பெயர்ப் பலகையிலும் ஒரு ரகளை. மாப்பிள்ளைக்கு வெங்கடநரசிம்மராஜுவாரிபேட்டை என்ற பலகையையும் எங்காவது நட்டுவிட ஆசை. இந்திய ரயில்வேயின் மிக நீளமான பெயர்களில் ஒன்று, ஆங்கிலத்தில் 28 எழுத்து. அது அரக்கோணம்–ரேணிகுண்டா பாதையில் இருக்கிறது, பாகாலா பக்கமே இல்லை என்றேன். 1972-க்காக என் மரங்களைப் பிடுங்கியவர் இதற்கு மட்டும் "கொலுதானே பாவா" என்கிறார்!

உன்னிடம் ஒரு காரியம். உங்கள் வீட்டுத் திண்ணையில் உன் தாத்தா ஏலத்தில் எடுத்த எஸ்.ஐ.ஆர். பெஞ்ச் கிடக்கிறதே, பிளாட்பாரத்துக்கு அதே மாதிரி ஆறு வேண்டும். நீளம், உட்காரும் உயரம், சாய்மானத்தின் உயரம், பலகை எத்தனை, பலகைக்கும் பலகைக்கும் இடைவெளி என்ன, கைப்பிடி வளைவு எங்கே ஆரம்பிக்கிறது — எல்லாம் அளந்து எழுது. முழமும் சாணும் வேண்டாம். மில்லிமீட்டரில் எழுது, வகுத்துக்கொள்வது எங்கள் பாடு.

அன்புடன்,
ராஜாமணி