காவக்காரன் எங்க நிக்கிறான்?

வளவனூர் மாமாவோட நர்சரிக்கு ஒரு வேர்ட்பிரஸ் தளம் போட்டுக் குடுத்திருக்கேன். ஆடிப்பட்டத்துக்கு நாத்து ஆர்டர் பாதிக்கு மேல அதுலதான் வரும். போன ஆடியில ஒருநாள் காலங்காத்தால போன். "மாப்ள, தொறந்தா வெறும் வெள்ளையா இருக்குடா!"

முதல்நாள் ராத்திரிதான் ஹோஸ்டிங்காரங்க தளத்தை வேற சர்வருக்கு மாத்தியிருந்தாங்க. பொட்டி தட்டுற நமக்குத் தெரிஞ்ச முதல் வைத்தியம், பிளகின் ஃபோல்டர் பேரை மாத்துறது. மாத்தினேன். ம்ஹூம், அசையல.

எரர் லாகைப் பாத்ததும் புரிஞ்சுது. வேர்ட்ஃபென்ஸ் மாதிரி பாதுகாப்பு பிளகின்ல ஃபயர்வாலை முழுசா முடுக்கிவிட்டா, அது வேர்ட்பிரஸுக்கும் முன்னாடியே ஓடும். அதுக்காக '.யூசர்.ஐஎன்ஐ' கோப்புல 'ஆட்டோ_பிரிபெண்ட்_ஃபைல்'னு ஒரு வரி சேர்த்து, தன்னோட ஃபயர்வால் கோப்பு இருக்கிற முழுப் பாதையையும் எழுதி வைக்கும். சர்வர் மாறினதுல அந்தப் பாதை செல்லாமப் போச்சு. கோப்பைத் தேடின பிஎச்பி அங்கேயே படுத்துடுச்சு. வேர்ட்பிரஸே இன்னும் எழுந்திருக்கல, பிளகின் ஃபோல்டரைத் தொட்டு என்ன புண்ணியம்?

அந்த வரியை எடுத்தேன். உடனே சரியாகல. வழக்கமான அமைப்புல பிஎச்பி அந்தக் கோப்பை 300 விநாடிக்கு ஒருதரம்தான் திரும்பப் படிக்கும். 5 நிமிஷம் பல்லைக் கடிச்சிட்டு இருந்தேன், தளம் வந்துடுச்சு. பிளகினைத் திரும்பப் போட்டு ஃபயர்வாலை முடுக்கினதும் புதுப் பாதையை அதுவே எழுதிக்கிச்சு. பத்து மணிக்குள்ள மாமாவுக்கு கத்திரி நாத்து ஆர்டரும் வந்தாச்சு.

சொந்தத் தளம் வச்சிருக்கிற மக்களே, சர்வர் மாறப்போகுதுன்னு தெரிஞ்சா முன்னாடியே அந்த ஃபயர்வாலை இறக்கி வச்சுடுங்க. பிளகினையே தூக்குறதா இருந்தாலும் முதல்ல அந்த வரி, அப்புறம்தான் ஃபயர்வால் கோப்பு. காவக்காரன் வீட்டுக்குள்ள இல்ல, தெருவாசல்ல நிக்கிறான் :-)