செம்பு மருந்து அடிம்மா

தெரியாது என்று சொல்ல எனக்கு நா எழாது. பினாங்கு ஜார்ஜ்டவுனில் காலமெல்லாம் வாத்தியார் வேலை பார்த்ததில் ஒட்டிக்கொண்ட வியாதி. அதனால் ஒரு தோட்டத்துக்கே வேண்டாத மருந்தை அடிக்கவைத்தேன்.

1884இல் சார்ல்ஸ் கர்ட்டிஸ் உருவாக்கிய தாவரவியல் பூங்காவுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போவேன். தண்ணீர்மலை முருகனையும் கையோடு கும்பிட்டுவிடலாம். ஒருமுறை மாணவி ஒருத்தி, மரப்பட்டையில் சாம்பல் பூத்த திட்டுகளையும் அவற்றின்மேல் கிறுக்கல் கிறுக்கலாக ஓடிய கறுப்புக் கோடுகளையும் காட்டி, "இது என்ன சார்?" என்றாள்.

"மரத்துக்குத் தேமல்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். கேள்வி அந்தச் சிரிப்பிலேயே கரைந்துபோனது. எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

அது கிராஃபிஸ் வகை லைக்கன். பூஞ்சையும் பாசியும் சேர்ந்து ஒரே உடம்பாக வாழ்வது. அந்தக் கறுப்புக் கோடுகளில்தான் பூஞ்சை தன் வித்துத்தூளை உண்டாக்குகிறது. உள்ளே குடியிருப்பது பெரும்பாலும் டிரென்டெபோலியா. பச்சைப்பாசி இனம்தான், நிறம் மட்டும் ஆரஞ்சு. வெயிலை வைத்து இருவருக்கும் சமைப்பது அது. மரத்திடம் கேட்பது ஒட்டிக்கொள்ள இடம் மட்டுமே. 1867இல் சைமன் ஷ்வென்டனர் இந்தக் கூட்டுக்குடித்தனத்தைச் சொன்னபோது லைக்கன் அறிஞர்கள் பலர் ஏற்கவில்லை. அவர்களுக்காவது சொந்தமாக ஒரு கருத்து இருந்தது.

இதையெல்லாம் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். என் குற்றம் அதற்குப் பிறகுதான் நடந்தது. தைப்பூசக் கூட்டத்தில் அதே மாணவி எதிரே வந்தாள். இப்போது பாலிக் புலாவில் ஜாதிக்காய்த் தோட்டம் வைத்திருக்கிறாள். "எங்க சார், கேட்டா சொல்லாதது இல்ல" என்று கணவரிடம் அறிமுகம் செய்துவிட்டுக் கேட்டாள்: "நம்ம மரத்துக்கும் அந்தத் தேமல் வந்திருக்கு சார். இலையும் கொட்டுது. என்ன அடிக்கலாம்?"

அந்த அறிமுகத்தைக் கெடுக்க மனம் வரவில்லை. "செம்பு மருந்து அடிம்மா" என்றேன்.

மரம் நலிந்து இலை கொட்டினால் பட்டையில் வெளிச்சம் விழும், லைக்கன் செழிக்கும். காரணத்தை மண்ணிலோ வேரிலோ தேடவேண்டும். மரத்தடியில் தண்ணீர் தேங்குகிறதா என்றுகூட அவளிடம் நான் கேட்கவில்லை.

பட்டை சுத்தமாகிவிட்டது என்று போனில் படம் அனுப்பினாள். கிளைகள் முன்னைவிட மொட்டையாகத் தெரிந்தன. கட்டைவிரல் படம் ஒன்றைப் பதிலாகத் தட்டிவிட்டேன்.