உபயம்: அமெரிக்கா

அமெரிக்கா என்றதும் நமக்கு நினைவுக்கு வருபவை நியூயார்க் துறைமுகத்துச் சுதந்திர தேவி சிலை, சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலம், நான்கு அதிபர்களின் முகங்களைச் செதுக்கிய ரஷ்மோர் மலை. எல்லாம் அங்கே போன பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் படங்கள். அந்த நாட்டு மனுஷர்களின் குணத்தைப் பார்க்க விசா வேண்டியதில்லை. திண்டிவனத்தில் ரயிலேறி, மயிலம் தாண்டி, விழுப்புரத்தில் காட்பாடி பாசஞ்சருக்கு மாறினால் போதும். மொத்தம் ஏறக்குறைய 200 கி.மீ.

திண்டிவனத்தில் ஸ்கடர் என்ற பெயர் புதிதல்ல. வால்டர் ஸ்கடர் பள்ளி இன்றும் இருக்கிறது. இந்தக் குடும்பத்தின் மூத்தவரான டாக்டர் ஜான் ஸ்கடர் 1819இல் பாஸ்டனிலிருந்து கப்பலேறி யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் வைத்தியம் பார்த்தவர். அவருடைய பேத்தி ஐடா 1870இல் ராணிப்பேட்டையில் பிறந்து, படிப்புக்காக அமெரிக்கா போய், 1890களின் தொடக்கத்தில் தாயாருக்கு உடம்பு சரியில்லை என்று திண்டிவனம் வந்தார். ஒரே இரவில் மூன்று பேர் அடுத்தடுத்து வந்து கதவைத் தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், ஒருவர் வேறு சாதி இந்து. மூன்று வீட்டிலும் மனைவிக்குப் பிரசவ வேதனை. ஐடாவின் அப்பா டாக்டர்தான். ஆனால் ஆண் டாக்டர் வேண்டாம் என்றார்கள். ஐடாவுக்கோ வைத்தியம் தெரியாது. விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள். அவர் திரும்பிப் போய் மருத்துவம் படித்தார். 1899இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கினார்.

அடுத்த நிலையம் மயிலம். பங்குனி உத்திரத்துக்குக் காவடியோடு கூட்டம் வரும் முருகன் மலை இங்கேதான். நம் கோயில்களில் டியூப் லைட்டின் பாதி வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு ‘உபயம்’ என்று யாராவது ஒருவர் பெயர் இருக்கும். அமெரிக்கர்களிடமும் அதே வழக்கம் உண்டு. பல்கலைக்கழகக் கட்டடம், நூலகம், பூங்கா பெஞ்சு என்று எதைப் பார்த்தாலும் கொடுத்தவர் பெயரோ, அவர் இழந்தவரின் பெயரோ பொறித்திருக்கும். நம்முடைய உபயம் பெரும்பாலும் சொந்த ஊர்ச் சாமிக்கு. அவர்களுடையது சில சமயம் கண்ணால் பார்க்காத ஊருக்கும் வந்து சேர்ந்தது.

பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் கடந்தால் விழுப்புரம். இங்கே நம் பக்கத்துக் கதை ஒன்று உண்டு. 1896 ஆகஸ்ட் கடைசியில் மதுரையிலிருந்து கிளம்பிய வேங்கடராமன் என்ற பதினாறு வயதுப் பையன், பழைய வரைபடத்தைப் பார்த்து, திருவண்ணாமலைக்குக் கிட்டத்திலுள்ள ஸ்டேஷன் திண்டிவனம் என்று எண்ணி டிக்கெட் எடுத்திருந்தான். விழுப்புரத்திலிருந்தே பாதை பிரிகிறது என்று ரயிலில் ஒரு மௌல்வி சொன்னார். இறங்கியபோது கையில் இரண்டரை அணாதான் மிச்சம். சாப்பாடு போட்ட ஓட்டல்காரர் காசு வாங்க மறுத்துவிட்டார். அந்தக் காசு மாம்பழப்பட்டு வரைக்கும் டிக்கெட்டுக்கு ஆயிற்று. அதற்கு மேல் நடை. செப்டம்பர் 1ஆம் தேதி பையன் திருவண்ணாமலை சேர்ந்தான். பிறகு ரமண மகரிஷி ஆனார். 1938இல் அவரைப் பார்க்க வந்த ஆங்கில எழுத்தாளர் சாமர்செட் மாம், 1944இல் ‘தி ரேசர்ஸ் எட்ஜ்’ நாவலை எழுதினார். அதன் நாயகன் லாரி ஒரு சிகாகோக்காரன். தென்னிந்தியாவில் ஒரு குருவிடம் போய்ச் சேர்கிறான். 1946இல் ஹாலிவுட் அதைப் படமாக்கியது. அமெரிக்காவுக்கு இந்த ரயில் பாதையிலிருந்து போன சரக்கு அது.

திருக்கோவிலூர், திருவண்ணாமலை, போளூர் தாண்டினால் ஆரணி ரோடு. பெயர்தான் ஆரணி, ஸ்டேஷன் இருப்பது களம்பூரில். அரிசி மில் புகைபோக்கிகள் தெரியும். அமெரிக்க ஆற்காடு மிஷன் வேலை செய்த வட்டாரம் இது. அந்த மிஷன் சபைகள் 1947இல் தென்னிந்தியத் திருச்சபையில் சேர்ந்தன. அந்தத் திருச்சபையின் கிராமக் கோவில்களில் அறுப்பின் பண்டிகை வந்தால் நெல் மூட்டை, பூசணிக்காய், வாழைத்தார், கால் கட்டிய சேவல் எல்லாம் பீடத்தின் முன்னால் வந்துவிடும். ஆராதனை முடிந்து வாசலில் ஏலம். சேவல் இருநூறில் தொடங்கும். ஒருவர் ஐந்நூறுக்கு எடுத்து, ‘மறுபடியும் விடுங்க’ என்று திருப்பிக் கொடுப்பார். அதே சேவல் இன்னொரு தடவை விலைபோகும்.

அமெரிக்காவில் நவம்பர் நான்காவது வியாழக்கிழமை வரும் தேங்க்ஸ்கிவிங்கும் அறுவடைக்கு நன்றி சொல்லும் நாள்தான். 1621இல் பிளிமத்தில் குடியேறிகள் வாம்பனோவாக் மக்களோடு உண்ட விருந்தை அதன் தொடக்கமாகச் சொல்வார்கள். உள்நாட்டுப் போரின் நடுவே, 1863இல் லிங்கன் அதைத் தேசத்துக்கே பொதுவான நாளாக அறிவித்தார். சுதந்திர தினமான ஜூலை 4 பட்டாசும் அணிவகுப்புமாகத் தெருவில் நடக்கிறது; இது வீட்டுக்குள் நடக்கிறது. வான்கோழி, கிரான்பெர்ரி, பூசணிப் பணியாரமான ‘பை’. மறுநாள் கடைகளில் தள்ளுமுள்ளு. அடுத்த செவ்வாய் ‘கிவிங் டியூஸ்டே’, தானத்துக்கான நாள். 2012இல் நியூயார்க்கில் தொடங்கியது. உண்பது, வாங்குவது, கொடுப்பது மூன்றும் ஒரே வாரத்தில் நடந்து முடிந்துவிடும்.

கண்ணமங்கலம், கணியம்பாடி, பிறகு வேலூர். இங்கே உபயதாரர்களின் பெயர்கள் கட்டடங்களில் நிற்கின்றன. நியூஜெர்சியின் ஊரிஸ் குடும்பத்தார் கொடையால் பெயர் பெற்றது ஊரிஸ் கல்லூரி. டாக்டர் ராதாகிருஷ்ணன் அங்கே படித்தவர். ஐடா வேலூருக்கு வருமுன், ஷெல் என்ற நியூயார்க் வங்கியாளர் இறந்துபோன மனைவியின் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார். மேரி டேபர் ஷெல் மருத்துவமனை 1902இல் எழுந்தது. 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. அதற்கு வந்த பணத்தில் சுவாரசியமான ஒரு ஏற்பாடு உண்டு. ஆசியாவிலுள்ள பெண்கள் கல்லூரிகளுக்காக ராக்பெல்லர் குடும்பத்து அறக்கட்டளை ஒன்று 1920களில் பத்து லட்சம் டாலர் தருவதாகச் சொன்னது. இருபது லட்சத்தை நீங்கள் திரட்டினால்தான் என்று நிபந்தனை. அமெரிக்கச் சபைகளின் பெண்கள் ஊர் ஊராகப் பேசி, சிறுகச் சிறுகச் சேர்த்து அதைத் திரட்டினார்கள். ‘நீ போட்டால் நானும் போடுகிறேன்’ என்கிற இந்தப் பழக்கம் அங்கே இன்றும் பள்ளி, கல்லூரி, கம்பெனி வரை ஓடுகிறது.

காட்பாடியில் பயணம் முடிகிறது. ஹவுராவிலிருந்தும் குவாஹாட்டியிலிருந்தும் வரும் வண்டிகளில் நோயாளிகள் எக்ஸ்ரே உறையோடு இறங்குகிறார்கள். ஆட்டோக்காரர்கள் அரைகுறை இந்தியில் ‘சிஎம்சி’ என்று கூப்பிடுகிறார்கள். ஐடாவின் மருத்துவமனையும் மருத்துவப் பள்ளியும் வளர்ந்து உருவான கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிதான் அது. இறங்குபவர்களில் யாருக்கும் ஷெல்லைத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. 1940களின் கடைசியிலேயே அந்த நிறுவனத்தின் பொறுப்பு டாக்டர் ஹில்டா லாசரஸ் என்ற இந்தியப் பெண்மணியின் கைக்கு வந்துவிட்டது. பணம் கொடுப்பது பாதி உபயம். சாவியையும் கொடுத்துவிட்டு நகர்ந்துகொள்வது மீதி.