இடுக்குப் பிள்ளையாரும் என் இடுப்பும்

திருவண்ணாமலைக்குப் போகிறவர்கள் அருணாசலேசுவரரிடம் எத்தனையோ விண்ணப்பங்கள் போடுவார்கள். எனக்கோ அந்த ஊரில் ஒரே ஒருவரிடம்தான் பயம். அவர் பெரிய கோயிலுக்குள் இல்லை. கிரிவலப் பாதையில், குபேர லிங்கத்தைத் தாண்டி, ஒரு சின்னஞ் சிறு கட்டடத்தில் இருக்கிறார். இடுக்குப் பிள்ளையார் என்று பெயர். பின் வாசலில் புகுந்து, ஒருக்களித்துப் படுத்து, ஊர்ந்து, முன் வாசல் வழியாக வெளியே வர வேண்டும். இடைக்காட்டுச் சித்தர் அங்கே யந்திரம் பதித்திருக்கிறாராம். ஊர்ந்து வந்தால் இடுப்பு வலியும் தலைவலியும் தீரும் என்பது ஜனங்களின் நம்பிக்கை.

ஊரில் தராசு வைத்து எடை பார்ப்பவர்கள் பொய் சொல்லலாம். அந்த இடுக்கு பொய் சொல்லாது. நான் மூன்று தடவை அதன் முன்னால் நின்றிருக்கிறேன், மூன்று வேறு மனிதனாக.

முதல் தடவை 2016-ல். அப்போது என் எடை 128 கிலோ. வீட்டார் எல்லோரும் நடந்தார்கள்; எனக்கு மட்டும் ஆட்டோ. டிரைவர் என்னைத் திரும்பிப் பார்த்து, "ஸார், கொஞ்சம் நடுவிலே உட்காருங்க. வண்டி ஒரு பக்கமா இழுக்குது" என்றார். இடுக்குப் பிள்ளையாரிடம் குழந்தைகள் முதல் கிழவிகள் வரை புகுந்து புறப்பட்டார்கள். நான் வெளியே உட்கார்ந்து, எல்லோருடைய கைப் பைகளுக்கும் தண்ணீர் பாட்டில்களுக்கும் காவல் இருந்தேன்.

2017-ல் சென்னையில் ஆபரேஷன் செய்துகொண்டேன். வயிற்றில் ஏறக்குறைய முக்கால் பாகத்தை எடுத்துவிட்டு, மீதியை வாழைப்பழம் போன்ற ஒரு குழாயாக வைத்துத் தைத்துவிடுகிறார்கள். நாலைந்து சின்னத் துவாரங்கள் போட்டே காரியத்தை முடித்துவிடுகிறார்கள். வெட்டி எடுத்த பாகத்தில்தான் பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ரசம் பெரும்பாலும் சுரக்கிறதாம். அது போனதும் பசியும் போயிற்று. ஓர் இட்லி சாப்பிட்டால் விருந்து சாப்பிட்ட மாதிரி இருந்தது. 2019-ல் என் எடை 82 கிலோ. சித்ரா பௌர்ணமியன்று பதினாலு கிலோமீட்டரும் நடந்து, இடுக்குப் பிள்ளையாரிடம் ஊசியில் நூல் கோத்த மாதிரி புகுந்து வந்தேன். வெளியே தலை நீட்டியபோது எடுத்த படம் இன்னும் டெலிபோனில் இருக்கிறது. மனிதனுக்கு அவ்வளவு கர்வம் ஆகாது.

அப்புறம்? தராசு முள் கொஞ்ச காலம் அசையாமல் நின்றது. பிறகு மேல் நோக்கி நகர்ந்தது. 84 ஆயிற்று, 88 ஆயிற்று, 93 ஆயிற்று. ஒரு நாள் 101 என்று காட்டியது. அன்றைக்கே தராசைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். 2021-க்குப் பிறகு ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை. இத்தனை பணமும் சிரமமும் பட்ட பிறகு, டாக்டர் முகத்தில் எப்படி விழிப்பது? சாப்பிடச் சொன்ன வைட்டமின் மாத்திரைகளும் ஒன்றொன்றாக நின்றன. "உங்களைப் பார்த்தால் ஆபரேஷன் செய்துகொண்ட மாதிரியே தெரியவில்லையே!" என்று ஒரு கல்யாண வீட்டில் ஒருவர் சொன்னார். அதன் பிறகு கல்யாணங்களுக்குப் போவதும் நின்றது.

இந்த நிலையில்தான், சென்ற மாதம் அக்கா டெலிபோன் செய்தாள்.

"டேய், வெள்ளிக்கிழமை அண்ணாமலைக்குப் போறேன். நீயும் வர்றே."

"எனக்கு வேலை இருக்குக்கா."

"ரிட்டயர் ஆனவனுக்கு என்னடா வேலை? வா."

என் அக்காவுக்கு வயது 68. எடை 46 கிலோ. அவளிடம் வாதாடி ஜயித்தவர் எங்கள் குடும்பத்தில் இல்லை.

விடியற்காலை நாலு மணிக்கு ராஜகோபுரத்தின் முன்னால் நின்றோம். 217 அடி உயரமுள்ள அந்தக் கோபுரம் இருட்டில் இன்னும் உயரமாகத் தெரிந்தது. பௌர்ணமி அல்லாத நாள்; கூட்டம் இல்லை. செருப்பைத் தங்கிய இடத்திலேயே விட்டுவிட்டு வந்திருந்தோம். மலையை வலப் பக்கம் வைத்து, இந்திர லிங்கத்தில் ஆரம்பித்தோம். எட்டுத் திக்குக்கும் எட்டு லிங்கங்கள். ஈசானிய லிங்கத்தில் முடிந்தால் ஒரு சுற்று.

நான் வழக்கப்படி விறுவிறுவென்று நடந்தேன். சீக்கிரம் முடித்துவிட்டால் சீக்கிரம் திரும்பிவிடலாம் அல்லவா? அக்கா கையைப் பிடித்து இழுத்தாள். "கிரிவலம் போறவங்க நிறைமாசக் கர்ப்பிணியா இருக்கிற மகாராணி மாதிரி நடக்கணும்டா" என்றாள். கர்ப்பிணிக்கு உரிய வயிறு எனக்கும் இருந்ததால் ஆட்சேபணை சொல்லவில்லை.

செங்கம் சாலையில் அக்கினி லிங்கம், சேஷாத்திரி சுவாமிகள் ஆசிரமம், அதை அடுத்து ரமணாசிரமம். உள்ளே எங்கோ ஒரு மயில் அகவியது. 1896-ஆம் வருஷம் செப்டம்பர் முதல் தேதி, பதினாறு வயதுப் பையனாக இந்த ஊருக்கு வந்து சேர்ந்த ரமண மகரிஷி, 1950-ல் சித்தியாகும் வரை இந்த மலையை விட்டு வேறெங்கும் போய்த் தங்கவில்லை. எத்தனையோ தடவை இதைச் சுற்றி வந்தவர். ஒரு தடவை சுற்றினால் போதும் என்று அவருக்குத் தோன்றவில்லை போலும்!

எம லிங்கத்தருகே இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தாள் அக்கா. இரண்டாவது இட்லியில் எனக்கு நெஞ்சை அடைத்தது. "போதும்" என்றேன். அவள் முகம் மலர்ந்தது. ஆனால் அரை மணி கழித்து ஒரு டீக்கடையில் சர்க்கரை போட்ட டீ, அதனுடன் நாலு பிஸ்கட், கொஞ்ச தூரம் போனதும் ஒரு பொட்டலம் முறுக்கு என்று நான் ஆரம்பித்தபோது, மலர்ந்த முகம் வாடிவிட்டது.

"இட்லிக்கு இடமில்லைன்னியே?"

இதுதான் சூட்சுமம், வாசகர்களே! தைத்த வயிறு, கெட்டியான சாப்பாட்டுக்குத்தான் கதவைச் சாத்தும். முட்டை, சுண்டல், பனீர் என்று மென்று தின்கிற புரதம் கொஞ்சம் போனாலே நிறைந்துவிடும். வாயில் வைத்தவுடன் கரைகிற முறுக்கு, பிஸ்கட், மிக்சர், இனிப்பு டீ இவையெல்லாம் அந்தக் குழாய் வழியே சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போய்விடும். ஒரு நாளைக்கு இரண்டு இட்லிகூட முழுசாய்ச் சாப்பிட முடியாதவன் எடை கூடுவது இப்படித்தான். சாப்பாட்டோடு தண்ணீர் குடித்தால் கெட்டிச் சாப்பாடும் சீக்கிரம் இறங்கி, மறுபடி இடம் கிடைத்துவிடும். இவை எல்லாம் எனக்கு ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொடுத்த பாடங்கள்தாம். பாடம் தெரியாமல் பெயிலானவன் அல்ல நான்.

செங்கம் சாலையை விட்டுப் பாதை வலப் பக்கம் திரும்பியதும் பொழுது புலர்ந்தது. அண்ணாமலையின் விசேஷமே அதுதான். எட்டு இடத்தில் நின்று பார்த்தால் எட்டு மலை. ஓரிடத்தில் ஒற்றைச் சிகரம், இன்னோரிடத்தில் இரண்டு, குபேர லிங்கம் தாண்டினால் ஐந்து முகம். மலை என்னவோ ஒன்றேதான். நிற்கிற இடம் மாறுகிறது.

அடி அண்ணாமலைக்கு வந்தோம். மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடிய தலம். அவருக்கு அங்கே கோயிலும் உண்டு. அக்கா கும்பிட்டுவிட்டுத் திரும்பினாள். திரும்பியவள் சாலையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னக்கா?"

"அந்தக் கறை எங்கேருந்துடா வருது?"

தார்ச் சாலையில், நான் நடந்து வந்த வழி நெடுக, ஓர் அடி விட்டு ஓர் அடி சிவப்பு. இடது பாதத்தைத் தூக்கிப் பார்த்தேன். ஒரு கண்ணாடிச் சில்லு ஏறியிருந்தது.

"வலிக்கலையா?"

"இல்லையே!"

சொன்ன பிறகுதான் அந்தப் பதில் எனக்கே விளங்கிற்று. காலையிலிருந்து வெறுங் காலில் நடக்கிறேன். ஒரு கல்கூடக் குத்தவில்லை. பக்தியின் மகிமை என்று உள்ளூரப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்! உண்மையில் சில மாதங்களாகவே பாதம் மரத்துத்தான் இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

அக்கா சில்லை எடுத்துவிட்டுக் கழுவினாள். பையிலிருந்த துணியைக் கிழித்துக் கட்டினாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் மெதுவாக, "எப்போ கடைசியா டாக்டரைப் பார்த்தே?" என்று கேட்டாள். சொன்னேன். தராசைக் கட்டிலுக்கு அடியில் தள்ளியதையும், மாத்திரை நிறுத்தியதையும், கல்யாண வீட்டில் கேட்ட சொல்லையும் எல்லாம் சொன்னேன். அறுபது வயதுக்காரன் தெருவோரத்தில் உட்கார்ந்து அழுவது பார்க்க நன்றாயிராது. நல்ல வேளை, பாதையில் ஒரு சாமியாரைத் தவிர யாரும் இல்லை. அவரும் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

அக்கா எழுந்து போய், அப்போதுதான் திறந்த ஒரு கடையில் ரப்பர் செருப்பு வாங்கி வந்தாள்.

"கிரிவலத்திலே செருப்பா?"

"சாமி கோவிச்சுக்க மாட்டார். போட்டுக்கோ."

வாயு லிங்கத்தையும் குபேர லிங்கத்தையும் தாண்டினோம். வெயில் ஏறத் தொடங்கியது. இடுக்குப் பிள்ளையார் வந்தார்.

"நான் வெளியே இருக்கேன். பையைக் குடு" என்றேன், 2016-ஆம் வருஷத்து வழக்கப்படி. அக்கா பையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

எங்களுக்கு முன்னால் ஆந்திராவிலிருந்து வந்த ஒரு குடும்பம் நின்றது. அந்த வீட்டு அம்மாள் என்னை விடப் பருமன். அவர் உள்ளே போனார். மறு பக்கம் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். இதற்கு மேல் சாக்குச் சொல்ல வழி இல்லை. செருப்பைக் கழற்றினேன். தலையையும் வலது கையையும் நுழைத்தேன். தோள் போயிற்று. இடுப்பு நின்றுவிட்டது. முன்னால் ஒரு வெளிச்சத் துண்டு, பின்னால் அக்காவின் குரல், நடுவில் நான். உடம்பு வேர்த்துக் கொட்டியது.

அந்த ஆந்திரத்து அம்மாள் முன் வாசலில் குனிந்து, "மெல்லகா, மெல்லகா! மூச்சு விடுங்கோ. இழுக்காதீங்கோ, விடுங்கோ" என்றார். வயிற்றை எக்கிக்கொண்டு மூச்சைப் பிடித்திருந்தேன் நான்! மூச்சை விட்டேன். நன்றாக ஒருக்களித்தேன். ஓர் அங்குலம். இன்னோர் அங்குலம். சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்துப் பிள்ளையாருக்குக் காணிக்கையாயிற்று. வெளியே வந்து விழுந்தேன். அந்தக் குடும்பம் முழுவதும் கை தட்டியது.

படிக்கட்டில் உட்கார்ந்தபோது ஒரு கணக்குத் தோன்றியது. இத்தனை நாளும் நான் 82-லிருந்து 101-ஐக் கழித்துப் பார்த்து, பத்தொன்பது கிலோ தோற்றேன் என்று வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் முதல் தடவை இங்கே ஆட்டோவில் அல்லவா வந்தேன்? அந்த 128-லிருந்து பார்த்தால் இன்னும் இருபத்தேழு கிலோ என்னிடம் திரும்பி வரவில்லை. மலை ஒன்றேதான்.

அடுத்த திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனேன். ரத்தத்தில் பி12 வைட்டமின் மிகவும் குறைந்திருந்தது. உணவிலிருந்து அதைப் பிரித்து உடம்பில் சேர்க்கும் ரசங்கள் வயிற்றில்தான் சுரக்கின்றன. வயிறு சிறுத்தால் அவையும் குறையும். கல்லீரலில் உள்ள சேமிப்பு சில வருஷம் தாங்கும். அதனால் ஆரம்பத்தில் ஒன்றும் தெரியாது. பிறகு நரம்பு மரக்கத் தொடங்கும். ஊசி போட ஆரம்பித்திருக்கிறார்கள். இன்னும் நாள் கடத்தியிருந்தால் சில சேதங்கள் திரும்பாமலே போயிருக்கலாமாம்.

எடையைப் பற்றி டாக்டர் ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. ஸ்வீடன் தேசத்தில் 1987-ல் தொடங்கி, இத்தகைய ஆபரேஷன் செய்துகொண்டவர்களை வருஷக்கணக்கில் தொடர்ந்து கவனித்திருக்கிறார்களாம். குடலை மாற்றி இணைக்கும் பைபாஸ் முறையில்கூட, முதல் இரண்டு வருஷத்துக்குள் சராசரி 32 சதவிகிதம் குறைந்த எடை, பத்தாவது வருஷத்தில் 25 சதவிகிதக் குறைவில் வந்து நின்றது. உடம்பு இளைத்ததும் அது செலவழிக்கும் சக்தியும் குறைந்துவிடுகிறது; போன பசியும் மெல்லத் திரும்புகிறது. கொஞ்சம் ஏறுவது பலருக்கும் நேர்வதுதான். அதற்கும் வழிகள் இருக்கின்றன: புரதத்தை முதலில் சாப்பிடுவது, தசைக்குப் பயிற்சி, தேவையானால் வாரம் ஒரு முறை போடும் ஊசி மருந்து, சிலருக்கு மறு ஆபரேஷன். "இவை எல்லாம் இங்கே வருகிறவர்களுக்குத்தான் கிடைக்கும்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார் டாக்டர்.

தராசு இப்போது கட்டிலுக்கு அடியில் இல்லை, கூடத்தில் இருக்கிறது. வாரம் ஒரு நாள் ஏறி நிற்கிறேன். இன்று காலை 99.5. அடுத்த வாரம் 100 காட்டினாலும் காட்டும்.

அக்கா நேற்று மறுபடி டெலிபோன் செய்தாள்.

"பௌர்ணமிக்கு வர்றியா?"

"வர்றேன்க்கா. ஆனா செருப்புப் போட்டுக்கிட்டுத்தான் நடக்கச் சொல்லியிருக்கார் டாக்டர்."

"போட்டுக்கோ. அப்புறம், சட்டையிலே பொத்தான் தைச்சாச்சா?"

இன்னும் தைக்கவில்லை. எப்படியும் அடுத்த தடவை மறுபடி தெறிக்கப் போகிறது.