கட்டிலோரப் படிப்பு

பக்கவாதம் வந்தவரை மதுரை ஆஸ்பத்திரியில் சில நாள் வைத்திருந்து, உயிருக்கு ஆபத்தில்லை என்று வீட்டுக்கு அனுப்புவார்கள். ஆஸ்பத்திரியில் அவரைப் புரட்ட, துடைக்க, மருந்து கொடுக்க ஷிப்ட் போட்டு ஆள் இருந்தது. எல்லாரும் அதற்கென்றே படித்தவர்கள். ஆம்புலன்ஸ் எங்கள் ஊர்க் கிருஷ்ணன்கோவிலில் வந்து நின்றதும் அத்தனை பேர் வேலையும் ஒரே ஒரு மருமகளின் தலையில் இறங்கிவிடும். டிஸ்சார்ஜ் சீட்டைக் கொடுக்கும்போது நர்ஸ் அவசரத்தில் சொன்ன நாலு வார்த்தைதான் அவளுக்குக் கிடைத்த பயிற்சி. "நல்லாப் பாத்துக்கோங்கம்மா" என்பதும் அந்த நாலில் சேர்த்தி.

எப்படி நல்லாப் பார்த்துக்கொள்வது? எழுபதைத் தாண்டிய எனக்கு இந்தத் தெருக்களில் பல கட்டில்களைப் பார்த்த பழக்கம் உண்டு. மனசில்லாமல் கவனிக்காமல் விட்ட வீடுகள் குறைவு. தெரியாமல் செய்த வீடுகள்தான் அதிகம்.

வால் எலும்புப் பக்கம் தோல் சிவந்தோ கறுத்தோ தெரிந்தால் நம் வீடுகளில் உடனே எண்ணெய் தொட்டு அழுத்தித் தேய்ப்பார்கள். செய்யவே கூடாத வேலை அது. எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவில் நசுங்கி, ரத்தம் ஓடாமல் தோல் சாகத் தொடங்கியிருக்கிறது. தேய்த்தால் உள்சதையும் கெடும். காற்றடைத்த வளையத்தை அடியில் வைத்தாலும் அதன் விளிம்பு அழுத்தி ரத்தத்தைத் தடுக்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவைப்பதும், குதிகால் மெத்தையில் படாதபடி கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை கொடுப்பதும், ஈரம் தங்காமல் பார்ப்பதும்தான் வழி. ராஜபாளையத்துக்குப் பக்கத்துச் சத்திரப்பட்டியில் நெய்கிற பேண்டேஜ் துணி தேசமெல்லாம் போகிறது. அந்தத் துணி தேவைப்படாமல் பார்த்துக்கொள்ளும் வித்தையை மட்டும் நாம் கற்கவில்லை.

ஊட்டுவதும் இப்படித்தான். படுத்த வாக்கிலேயே கஞ்சியை வாயில் ஊற்றுகிறோம். விழுங்கும் தசை தளர்ந்தவருக்கு அது மூச்சுக்குழாயில் இறங்கும். பத்து நாள் கழித்துக் காய்ச்சல் வந்தால் "நெஞ்சுல சளி கட்டிருச்சு" என்று சொல்லிப் பனியைக் குறை சொல்வோம். நிமிர்த்தி உட்காரவைத்து, சின்னச் சின்ன வாயாக ஊட்டி, சாப்பிட்ட பின்னும் அரை மணி நேரம் உட்காரவைத்திருக்க வேண்டும். செயலிழந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்கினால் தோள் மூட்டு நழுவும். இவையெல்லாம் பெரிய வைத்தியமில்லை. யாராவது சொல்லிக்கொடுத்தால் ஒரு வாரத்தில் கைக்கு வந்துவிடும்.

யார் சொல்லிக்கொடுப்பது? ஸ்ரீவில்லிபுத்தூரில் இலவச வகுப்பு நடத்தினாலும் அந்த மருமகளால் போக முடியாது. போய் வருகிற நேரத்துக்குக் கட்டிலருகே வேறு ஆள் வேண்டும். வகுப்பு அவளைத் தேடி வீட்டுக்கு வந்தால்தான் உண்டு. அது வருகிற வழி கைபேசி. உலக சுகாதார நிறுவனம் இதை உணர்ந்து, மறதி நோய்க்காரர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்கென்று ஐசப்போர்ட் என்ற இணையவழிப் பயிற்சியை வெளியிட்டது. பார்த்துக்கொள்பவர் தன்னையும் பார்த்துக்கொள்வது எப்படி என்று அதில் ஒரு பகுதியே இருக்கிறது. நம் குடும்பங்களில் அந்தப் பேச்சை எடுத்தாலே சுயநலம் என்பார்கள்.

வெளிநாடு வரை போகவேண்டாம். ராஜபாளையம், புளியங்குடி, கடையநல்லூர் என்று தென்காசிப் பாதையில் போனால் ஆய்க்குடி பக்கம்தான். அங்கே அமர் சேவா சங்கத்தை 1981-ல் தொடங்கியவர் எஸ். ராமகிருஷ்ணன். பொறியியல் மாணவராக இருந்தபோது, 1975-ல் கடற்படை அதிகாரி தேர்வில் விழுந்து கழுத்துத் தண்டுவடம் அடிபட்டு, கழுத்துக்குக் கீழே அசைவில்லாமல் போனவர். தனக்கு வைத்தியம் பார்த்த ஏர் மார்ஷல் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரைச் சங்கத்துக்கு வைத்தார். 2020-ல் பத்மஸ்ரீ வந்தது. அன்றாடம் பிறர் கையால் வாழ்ந்தவர் கட்டிய அமைப்புக்கு, எந்தக் கை சரி, எந்தக் கை தப்பு என்று தெரியாமலா போகும்?

வளர்ச்சி தாமதமான குழந்தைகளுக்காக அவர்கள் 'எனேப்ளிங் இன்க்ளூஷன்' என்ற செயலியை வைத்து வேலை செய்கிறார்கள். கிராமத்துப் பணியாளர் வீட்டுக்கே போய், தாயின் கையால் பயிற்சியைச் செய்யவைப்பார். குழந்தையின் நிலை செயலியில் பதிவாகும். இயன்முறை, பேச்சுப் பயிற்சி நிபுணர்கள் தூரத்திலிருந்தே பார்த்து வழி சொல்வார்கள். கொரோனா ஊரடங்கில் நேரில் போக முடியாதபோது போன் வழியாகவே பெற்றோருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். குழந்தைக்குப் பலித்த முறை கிழவருக்கும் பலிக்கும் என்பது என் கணிப்பு.

இதில் நான் பிடித்துக்கொண்டது அந்தப் பணியாளரை. வீடியோ மட்டும் போதாது. நீச்சலைப் படம் பார்த்துக் கற்க முடியாது. நாம் புரட்டுவது தப்பாக இருந்தால் திரை கண்டிக்காது. நம் இடுப்பு பிடித்துக்கொண்ட பிறகுதான் தெரியும். யூடியூபில் வைத்தியம் தெரியாதவர்களும் வாத்தியார்தான். பாடம் போனில் வரட்டும். செய்கிற கையைப் பார்க்க ஒரு தேர்ந்த கண் வேண்டும்.

அந்தக் கண் நம் தெருவுக்கே வருகிறது. 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு மாத்திரை கொடுக்கிற பெண் தன்னார்வலர் மட்டுமில்லை; இயன்முறை மருத்துவரும் வலி தணிப்பு நர்ஸும் உண்டு. கேட்டால்தான் வருவார்கள், கேட்பவர்கள்தான் குறைவு. எங்கள் ஊர்க் கலசலிங்கம் பல்கலைக்கழகம் காது கேளாத பிள்ளைகளுக்குத் தனியாகப் பொறியியல் சொல்லிக்கொடுத்த இடம். போனில் வர வேண்டிய பாடத்துக்கு நம் வட்டாரப் பேச்சில் பத்துச் சின்ன வீடியோ எடுத்துக் கொடுப்பது அங்குள்ளவர்களுக்குப் பெரிய காரியமா என்ன?

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அப்பாவைப் புரட்டுவதற்குப் பலம் மகனிடம் இருக்கிறது. பழி மட்டும் மருமகளுக்கு. மில் ஷிப்ட் முடிந்து வருகிறவனுக்குக் களைப்பு இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ராத்திரி ஒரு முறை எழுந்து பக்கம் மாற்றிப் படுக்கவைக்க அவனுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

ஆகவே படுக்கையில் ஆள் இருக்கிற வீட்டார் ஒன்று செய்யுங்கள். அடுத்த முறை தன்னார்வலர் வந்தால் மாத்திரையை வாங்கிக்கொண்டு வாசலோடு அனுப்பிவிடாதீர்கள். உள்ளே கூப்பிட்டு, இயன்முறை மருத்துவர் எந்தக் கிழமை வருவார் என்று கேளுங்கள். அவர் வருகிற அன்று நீங்கள் புரட்டிக் காட்டுங்கள், அவர் திருத்தட்டும். மகனையும் லீவு போட்டுப் பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள்.